தெருவில் இருக்கும் புற்றுநோய் அபாயத்தை எப்படிக் குறைப்பது: வேலூர் வட்டாரத்துக்கான எளிய விளக்கம்

ஒருவருக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டதும் "பீடி குடிப்பாரா? பாக்கு போடுவாரா?" என்றுதான் முதலில் விசாரிப்போம். விசாரிப்பதில் தவறில்லை, தடுக்கக்கூடிய காரணங்களில் புகையிலைதான் மிகப் பெரியது. ஆனால் குடியாத்தத்திலோ பேர்ணாம்பட்டிலோ நெருக்கமான ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பீடியைக்கூட உதட்டில் வைக்காத பெண் அங்கே நாள் முழுக்கப் பீடித் தூளை முறத்தில் போட்டுச் சுற்றுகிறார். ஜன்னல் இல்லாத சமையல்கட்டில் விறகு எரிக்கிறார். தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தெருமுனையில் குப்பை புகைகிறது. இதில் எதையும் அவர் ஆசைப்பட்டுப் பழகிக்கொள்ளவில்லை. கிடைத்த கூலிக்கும் கொடுக்க முடிந்த வாடகைக்கும் அமைந்த வாழ்க்கை இது.

வசிக்கும் இடத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இந்த அபாயத்தைத்தான் சுற்றுப்புற அபாயம் என்கிறோம். ஒருவர் மட்டும் மனது வைத்தால் இது போகாது. தெரு சேர்ந்து இறங்கினால் இதில் பெரும்பகுதியைக் குறைக்கலாம், பல வேலைகளுக்குச் செலவும் சொற்பம்தான். எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது, எங்கே பிசகும் என்பதைப் பார்ப்போம்.

உடம்புக்குள் நடப்பது

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அது எப்படி வளரவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. அதன் பெயர் டி.என்.ஏ. புகை, சில உலோகங்கள், சில நார்கள், சில பூஞ்சை நஞ்சுகள் இந்தக் குறிப்பைச் சிதைக்கின்றன. சிதைந்ததை உடம்பு பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். அதே இடத்தில் தினமும் சிதைவு விழுந்துகொண்டே இருந்தால், சரிசெய்யாமல் விட்டவை சேர்ந்து, பல வருடங்கள் கழித்துக் கட்டுப்பாடு இழந்த செல் ஒன்று பெருகத் தொடங்கும். இதற்குப் பத்து வருடமும் ஆகலாம், முப்பது நாற்பது வருடமும் ஆகலாம். அதனால்தான் "இருபது வருஷமா இந்தத் தண்ணிதான் குடிக்கிறோம், ஒண்ணும் ஆகலையே" என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது. இன்று அடுப்படியில் தவழும் குழந்தைக்கு இதன் கணக்கு நாற்பது வயதில்தான் வரும்.

எந்தப் பொருளைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். எவ்வளவு உள்ளே போகிறது? எத்தனை மணி நேரம், எத்தனை வருடம்? எந்த வழியாக, மூச்சிலா, வாயிலா, தோலிலா? ஏழைத் தெருக்களில் இந்த மூன்றுக்கும் பதில் ஒன்றாகச் சேர்ந்து மோசமாக வருகிறது. பத்துக்குப் பத்து அறையில் சமையல், தூக்கம், வேலை எல்லாம் நடக்கும்போது புகைக்கும் மூச்சுக்கும் இடையே இடைவெளியே இல்லை. ஆலைக்கும் குப்பைமேட்டுக்கும் பக்கத்து நிலம்தான் மலிவாகக் கிடைக்கிறது. உடம்பில் ஏதாவது தெரிந்தாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக யோசிப்பார்கள், நோய் முற்றியபிறகே தெரியவரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பொருள்களைச் சான்றின் உறுதியைப் பார்த்து வகைப்படுத்துகிறது. 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்' என்று உறுதியான முதல் வகையில் புகையிலைப் புகை, பக்கத்தில் இருப்பவர் விடும் புகை, மெல்லும் புகையிலை, டீசல் புகை, காற்று மாசு, ஆறு இணைதிறன் குரோமியம் (ஆலைக் கழிவில் வரும் ஓர் உலோகத்தின் ஒரு வடிவம்), ஆஸ்பெஸ்டாஸ், பென்சீன், தோல் தூசி, பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் வரும் அஃப்லாடாக்சின் எல்லாம் இருக்கின்றன. வீட்டு விறகுப் புகை அதற்கு அடுத்த படியில், 'அநேகமாக உண்டாக்கும்' என்ற வகையில் இருக்கிறது. இந்தப் பட்டியலைப் பார்த்துப் பலர் குழம்புவது ஓர் இடத்தில். 'நாய் ஜாக்கிரதை' பலகை அந்த வீட்டு நாய் கடிக்கும் என்றுதான் சொல்லும்; எத்தனை பேரைக் கடிக்கும் என்று சொல்லாது. முதல் வகை என்பதும் அப்படித்தான். ஒரே வகையில் இருக்கும் இரண்டு பொருள்கள் சம அளவு ஆபத்து என்று அர்த்தம் இல்லை. எவ்வளவு, எவ்வளவு நேரம் என்ற கணக்கைத் தெருவில் இறங்கித்தான் போடவேண்டும்.

பாலாறா, அடுப்படியா?

நம் பக்கத்தில் புற்றுநோய் என்றாலே பேச்சு பாலாற்றுக்கும் தோல் ஷாப்புக்கும், அதாவது தோல் பதனிடும் ஆலைக்கும்தான் போகும். அந்தக் கோபம் நியாயமானது; அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். ஆனாலும் ஒரு தெருவில் வேலையைத் தொடங்கும்போது முதலிடம் புகையிலைக்கும் புகைக்கும்தான் தரவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணம் எளிது. அவை மூக்குக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கின்றன, தினமும் மணிக்கணக்கில் இருக்கின்றன, வீட்டில் எல்லோருக்கும் போய்ச் சேர்கின்றன, நாளைக்கே குறைக்கவும் முடியும். குரோமியத்தை மண்ணிலிருந்து எடுப்பது அரசும் நீதிமன்றமும் ஆலை முதலாளிகளும் செய்யவேண்டிய வேலை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அதற்காக அடுப்படியைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

நடந்து பார்த்து எழுதுவது

அறுபது வீடுகளுக்கு மேல் எடுக்காதீர்கள், கண்காணிக்க முடியாது. நோட்டில் தெருவை வரைந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். ஒரே தெருவை மூன்று நேரத்தில் நடக்கவேண்டும்: காலை ஐந்தரையிலிருந்து ஏழு, மாலை நான்கிலிருந்து ஆறு, இரவு ஒன்பதுக்கு மேல். பகல் பதினொரு மணிக்கு மட்டும் போய்ப் பார்த்தால் தெரு சுத்தமாகத்தான் தெரியும். வெந்நீர் அடுப்பு விடியலில் எரியும், சருகை மாலையில் கூட்டிக் கொளுத்துவார்கள், கொசுவர்த்தியும் கள்ளத்தனமாக எரிக்கும் ரப்பர், ஒயர் குவியலும் இரவில்தான்.

குறிக்கவேண்டியவை: விறகடுப்பு எங்கே (வீட்டுக்குள்ளா, தாழ்வாரத்திலா, வெளியிலா), எத்தனை மணி நேரம், குப்பை எரிந்த கரும்புள்ளி, தேங்கும் சாக்கடை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதில் உடைந்தது எத்தனை, பீடி சுற்றும் வீடு, செருப்பு, ஷூ ஒட்டும் வீடு, புகையிலை விற்கும் கடை, குடிக்க எந்தத் தண்ணீர், புழங்க எந்தத் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் எதிரே அங்கே இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். பிறகு எதில் அதிகம் பேர், அதிக நேரம், மிகப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வரிசை தானாகத் தெரியும்.

அடுப்பு

காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகளை பி.எம். 2.5 என்பார்கள், நுரையீரலின் அடி வரைக்கும் போகும் அளவு சிறியது. ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டரில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இந்தியத் தர வரம்பு 40. காற்றோட்டம் இல்லாத சமையல்கட்டில் விறகு எரியும் நேரத்தில் இது பல நூறைத் தாண்டும்.

கேஸ் இணைப்பு இப்போது பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது; 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழை வீடுகளுக்கும் கொண்டுவந்தது. இருந்தும் விறகு ஏன் நிற்கவில்லை? இரண்டு காரணம். 14.2 கிலோ சிலிண்டருக்கு ஒரே நாளில் மொத்தப் பணம் வேண்டும். தினக்கூலி வீட்டில் அந்தப் பணம் ஒரே நாளில் இருக்காது. இதற்கு 5 கிலோ சிலிண்டர் உதவும். அல்லது தெருப் பெண்கள் குழு மாதச் சீட்டுப் போல வாரம் கொஞ்சமாகச் சேர்த்து முறை வைத்து சிலிண்டர் எடுக்கலாம். ஏற்கெனவே சுய உதவிக் குழு இருக்கும் தெருவில் இது எளிதாக நடக்கும். இரண்டாவது காரணம் வெந்நீர். சமையல் கேஸுக்கு மாறினாலும் குளிக்கும் தண்ணீர் விறகில்தான் காய்கிறது. தெருப் புகையில் நல்ல பங்கு இந்த அண்டாவுக்கு அடியிலிருந்து வருவதைக் காலை நடையில் பார்ப்பீர்கள். வேலூர் வெயில் இதற்குக் கைகொடுக்கும்: கறுப்புப் பெயின்ட் அடித்த இருபது லிட்டர் தகர டிரம்மை மூடிபோட்டு மாடியிலோ வெயில் படும் சுவரோரத்திலோ வைத்தால் வருடத்தில் பெரும்பகுதி மாலைக் குளியலுக்குத் தண்ணீர் சூடாகவே இருக்கும். மார்கழி, தைக்கு மட்டும் அடுப்பு தேவைப்படும். அதுவும் வீட்டுக்கு வெளியே, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரே இல்லாமல்.

விறகை அறவே விட முடியாத வீட்டில் செய்யவேண்டியது: விறகு நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும், கட்டைவிரல் பருமனுக்குப் பிளந்திருக்கவேண்டும். ஈரவிறகுதான் கண் எரியும் வெள்ளைப் புகையைக் கக்கும். பற்றவைக்க பிளாஸ்டிக் கவர் போடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். தென்னைமட்டை நாரும் சிரட்டையும் அதே வேகத்தில் பிடிக்கும். புகைபோக்கி வைத்தால் குழாய் நான்கு அங்குல விட்டத்துக்குக் குறையக்கூடாது, கூரைக்கு மேல் மூன்று அடி எழவேண்டும், நடுவில் படுக்கைவசமாக வளைக்கக்கூடாது. கீற்றுக் கூரை என்றால் குழாய் நுழையும் இடத்தைச் சுற்றி அரை அடிக்குக் கீற்றை விலக்கித் தகரம் அடிக்கவேண்டும், இல்லையென்றால் தீப்பிடிக்கும். மாதம் ஒரு தடவை கரியைத் தட்டி எடுக்காவிட்டால் குழாய் அடைத்து, புகை திரும்ப வீட்டுக்குள்ளேயே வரும். புகைபோக்கி சரியாக வேலை செய்தாலும் புகை தெருவுக்குத்தான் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். எட்டடி சந்தில் ஒரு வீட்டுப் புகைபோக்கி எதிர்வீட்டு ஜன்னலுக்குள் ஊதும். ஆகவே புகைபோக்கி இடைக்கால ஏற்பாடு மட்டுமே.

சாக்கடையும் கொசுவர்த்தியும் குப்பையும்

ஒரு கொசுவர்த்திச் சுருள் விடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட் விடும் நுண்துகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதற்காக ஒரு சுருள் அத்தனை சிகரெட் அளவு புற்றுநோய் தரும் என்று சொல்லக்கூடாது. துகளின் அளவைப் பற்றிய கணக்கு அது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மணி நேரம் குழந்தைகள் பக்கத்தில் அதைப் புகையவிடுகிறோம். வேப்பிலைப் புகையும் புகைதான்.

சுருளை விடச் சொன்னால் யாரும் விடமாட்டார்கள், விடவும் முடியாது. இரவில் கடிக்கும் கொசு அப்படி. அது வளர்வது தேங்கிய சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும். எனவே வேலை அங்கேதான். செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் ஒவ்வொன்றின் வாயிலும் நைலான் வலையைக் கட்டுங்கள். இருபது ரூபாய்க்குள் முடியும் இந்தச் சின்ன வேலையை ஒரு வீடு விடாமல் செய்யவேண்டும். நான்கு வீடு விட்டுவிட்டால் பலன் குறைந்துவிடும். சாக்கடையில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள்: தரை உடைந்த இடம், கல் விழுந்த இடம், வாசற்படிக்காக யாரோ உயர்த்திக் கட்டிய இடம். மாநகராட்சியிடம் 'சாக்கடையைச் சரிசெய்யவும்' என்று மனு கொடுப்பதைவிட 'இத்தனாவது கதவு எண்ணிலிருந்து இத்தனாவது எண் வரை 30 அடிக்குத் தரை இறங்கித் தேங்குகிறது' என்று கொடுத்தால் ஆள் வருவார். தூர்வாரிய சேற்றை ஓரத்தில் குவித்துவிட்டுப் போவதுதான் வழக்கமான பிசகு. அடுத்த மழையில் எல்லாம் திரும்ப உள்ளே விழும். இரண்டு நாளுக்குள் அள்ளவேண்டும். கொசு குறையக் குறையச் சுருள் தானாகக் குறையும். அதுவரை கட்டிலுக்குக் கொசுவலை.

குப்பை எரிப்பதும் இதே மாதிரி ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணிதான். பி.வி.சி., ரெக்சின், ஒயர் போன்ற குளோரின் உள்ள பொருள்கள் தெருவோரத் தீயில் குறைந்த சூட்டில் எரியும்போது டயாக்சின் என்ற நஞ்சு உண்டாகும்; அதில் மிகக் கொடியது மேலே சொன்ன முதல் வகையில் இருக்கிறது. குளிர்ந்த காலைகளில் புகை மேலே போகாமல் தரையோடு படியும், மலைகளுக்கு நடுவே இருக்கும் நம் ஊர்களில் இது நன்றாகத் தெரியும். திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆனால் அபராதத்தைக் காட்டி ஏழைத் தெருவை மிரட்டிப் பயனில்லை. வண்டி மூன்று நாள் வரவில்லை, நாறுகிறது, கொளுத்துகிறார்கள்.

நாறுவது ஈரக்குப்பை. நகரத்தில் ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சுமார் 400 கிராம் குப்பை போடுகிறார் என்று வைத்தால் அறுபது வீட்டுத் தெருவில் தினம் ஏறக்குறைய நூறு கிலோ சேரும். அதில் பாதிக்குக் குறையாமல் ஈரக்குப்பை. அதைப் பிரித்துவிட்டால் மீதி ஒரு வாரம் காத்திருந்தாலும் நாறாது, எரிக்கும் அவசரமும் வராது. பழைய பெயின்ட் வாளி இரண்டு எடுத்து அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போடுங்கள். ஒரு பிடி காய்கறிக் கழிவுக்கு ஒரு பிடி காய்ந்த சருகு. வாளி நிறைந்ததும் அதை மூடிவைத்துவிட்டு அடுத்ததில் தொடங்கலாம். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் எருவாகிவிடும். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை, புழு நெளிந்தால் மீனோ சோறோ அதிகம் விழுந்திருக்கிறது; இரண்டுக்கும் மருந்து இன்னும் கொஞ்சம் சருகும் மண்ணும்தான். வேப்பமரம், புங்கமரம் உள்ள தெருவில் சருகைக் கொளுத்தாமல் சேர்க்க, கோழி வலையை மூன்றடி விட்டத்தில் வளையமாகக் கட்டி நிறுத்திவிடுங்கள். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். தூய்மைப் பணியாளர்களும் கூட்டிய சருகை அதிலேயே போடலாம்; கொளுத்தும் தொல்லை அவர்களுக்கும் மிச்சம்.

தோல், குரோமியம், தண்ணீர்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்து மக்களுக்கு இது அன்றாடப் பேச்சு. ஆனால் குரோமியத்தில் இரண்டு வடிவம் இருப்பது பலருக்குத் தெரியாது. தோல் பதனிட ஊற்றுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது புற்றுநோய் உண்டாக்குவதற்குப் போதிய சான்று இல்லை. ஆபத்தானது ஆறு இணைதிறன் வடிவம். அது நம் பக்கத்தில் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, குரோமேட் உப்புகள் தயாரித்த ஆலையின் கழிவு. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலையின் வளாகத்தில் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் இப்படிக் குவிந்து, நிலத்தடி நீருக்குள் இறங்கியது. இரண்டாவது வழியைத் தெருவே உண்டாக்குகிறது: குரோம் தோலின் வெட்டுத் துண்டுகளை அடுப்பிலோ குப்பையிலோ எரித்தால், சூட்டில் மூன்று இணைதிறன் குரோமியத்தில் ஒரு பகுதி ஆறாக மாறிச் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலால் பாத்திரம் துலக்குவதும் செடிக்குப் போடுவதும் கூடவே கூடாது. தோல் துண்டை எந்தக் காரணத்துக்காகவும் எரிக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் சுவரில் எழுதி வைப்பதானால் இதைத்தான் எழுதச் சொல்வோம்.

ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுநோய் தருவது மூச்சு வழியாகப் போகும்போது. மனிதர்களிடம் மிக உறுதியான சான்று அதற்குத்தான். எனவே கழிவுமேட்டுத் தூசி முக்கியம். அந்த மண்ணை வீட்டு அஸ்திவாரத்துக்கோ வாசல் மேட்டுக்கோ அள்ளி வராதீர்கள். பக்கத்தில் குடியிருந்தால் செருப்பை வாசலிலேயே விடவேண்டும், பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் மேட்டுக்கும் நடுவே வேலி கேட்பது நியாயமான கோரிக்கை.

குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர வரம்பு. குரோமியத்தால் தண்ணீர் மஞ்சளாகிவிட்டால் வரம்பைப் பல மடங்கு தாண்டிவிட்டது என்று பொருள். மஞ்சளாக இல்லை என்பதால் பாதுகாப்பு என்று பொருள் இல்லை. கையில் பிடித்துக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் உப்பின் மொத்த அளவைத்தான் சொல்லும், குரோமியத்தைச் சொல்லாது. கொதிக்கவைத்தால் குரோமியம் போகாது; நீர் சுண்டுவதால் சற்றுக் கூடும். கேண்டில் ஃபில்டரும் பிடிக்காது. நல்ல நிலையில் இருக்கும் ஆர்.ஓ. பெரும்பகுதியைப் பிரிக்கும், ஆனால் அது வெளியே தள்ளும் கழிவுநீரில் குரோமியம் அடர்ந்திருக்கும். அதை ஆட்டுக்கும் மாட்டுக்கும் கீரைப் பாத்திக்கும் விடாதீர்கள்.

பரிசோதிப்பது எப்படி? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, இரண்டு லிட்டர் புது பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வரை பிடித்து மூடுங்கள். நாள், நேரம், இடம், ஆழம் எழுதி ஒட்டி அன்றைக்கே கொண்டுபோங்கள். வழக்கமான பரிசோதனையில் குரோமியம் இருக்காது. 'மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம்' என்று எழுதிக் கேட்கவேண்டும். பலர் உப்பையும் கடினத்தன்மையையும் மட்டும் பார்த்த காகிதத்தை வைத்துக்கொண்டு 'டெஸ்ட் பண்ணியாச்சு' என்று நிம்மதியாக இருப்பது இங்கேதான். கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு தடவை பாருங்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீர், புழங்க மட்டும் போர் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும்', 'முன்னெச்சரிக்கை' ஆகிய கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. பாலாற்றுத் தோல் ஆலை மாசு பற்றி 2025 ஜனவரி 30 அன்றும் தீர்ப்பு வந்தது. மனு எழுதும்போது 1996 தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். தன் தொழில் சுற்றுப்புறத்துக்குத் தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்பவர் மீது இருக்கிறது என்கிறது அது. 'யாருக்கு நோய் வந்தது, சான்று கொடு' என்று அதிகாரி கேட்டால் இதுவே பதில்.

வீட்டுக்குள் வரும் வேலை

பீடி சுற்றும் வீட்டில் தூளை மூடிபோட்ட டப்பாவில் வைக்கவேண்டும். சோற்றுப் பானை இருக்கும் அறையிலும் தூங்கும் இடத்திலும் கூடாது. வாசல் திண்ணையில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள்; தூசி முகத்துக்கு வராது. முடித்ததும் உதறாமல் ஈரத்துணியால் துடையுங்கள். மடியில் விரிக்க ஒரு தனித் துணி, குழந்தையைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவல். தூங்கும் பிள்ளையை முறத்துக்குப் பக்கத்தில் போடும் வழக்கத்தை விட்டுவிடவேண்டும். ஷூ, செருப்புக்குச் சொல்யூஷன் ஒட்டும் வீடுகளிலும் இதே போலத்தான்: அந்த நெடியில் பென்சீன் கலந்திருக்கலாம், ஆகவே திறந்தவெளியில், தேவையானதை மட்டும் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, பெரிய டின்னை உடனே மூடிவிட்டு ஒட்டவேண்டும். அடுப்புக்கு அருகில் கூடாது, தீயும் பிடிக்கும். கூலி தரும் ஏஜென்டுகளிடம் தெருவாகச் சேர்ந்து கையுறையும் மூடி டப்பாவும் கேட்கலாம். தனியாகக் கேட்டால் அடுத்த வாரம் வேலை வராது.

கூரை

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் முழுதாக இருக்கும்வரை அதன் நார் பெரும்பாலும் சிமெண்டுக்குள் கட்டுண்டிருக்கும். அறுத்தால், துளையிட்டால், உடைத்தால், தேய்த்துக் கழுவினால் வெளியே வரும். பணம் வரும்போது மாற்றுங்கள். அதுவரை மேலே இரண்டு கோட் வெள்ளைச் சுண்ணாம்போ பெயின்ட்டோ அடித்தால் பரப்பும் கட்டுப்படும், வெயிலும் குறையும். மாற்றும்போது முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கையால் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கவேண்டும். உடைந்த துண்டுகளைத் தெருப் பள்ளம் நிரப்பப் போடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. வண்டி ஏற ஏற அது பொடியாகும். அப்படிப் போடவிடாதீர்கள்.

கடையும் பரிசோதனையும்

கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது 300 அடிக்குள், புகையிலை விற்கக்கூடாது என்பது 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பதினெட்டு வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம், டீக்கடையும் பொது இடம்தான். குட்கா, பான்மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது. டேப் வைத்து அளந்து, தலைமையாசிரியர் கையெழுத்தோடு கொடுத்த புகாருக்கு மதிப்பு அதிகம். கடைக்காரரிடம் முதலில் நேரில் பேசுங்கள். தொங்கவிட்ட புகையிலைப் பாக்கெட் சரத்தைக் குழந்தைகள் கண்ணுக்குப் படாத இடத்துக்கு மாற்றுவதற்கே பலர் ஒப்புக்கொள்வார்கள், அதிலிருந்து தொடங்கலாம்.

சுற்றுப்புறத்தில் பரிசோதனை வசதியும் சேர்த்திதான். முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பைவாய், மார்பகப் பரிசோதனையும் எல்லோருக்கும் வாய்ப் பரிசோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைப் புற்றாக மாறுமுன்பே பிடித்துவிடலாம். வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படை, இரண்டு மூன்று வாரம் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாமை இருந்தால் உடனே காட்டவேண்டும். தெருவில் முகாம் கேட்கும்போது தேதியைப் பெண்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பீடி கணக்குக் கொடுக்கும் நாளிலும் காலை வேலை நேரத்திலும் வைத்தால் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். மறைவான இடமும் பெண் செவிலியரும் இருப்பதை முன்பே உறுதி செய்துகொள்ளவேண்டும். முகாமில் சந்தேகம் என்று வந்தவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது என்பதையும் அன்றே பெயரோடு எழுதிவிடுங்கள். பலர் தவறிப்போவது அந்த இடைவெளியில்தான்.

எங்கே கேட்பது

கிராமம் என்றால் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கோரிக்கை எழுதப்பட்டதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். நகரம் என்றால் வார்டு உறுப்பினர், பகுதி சபை, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். ஆலைப் புகைக்கும் கழிவுநீருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் ஆட்சியருக்கும், மேல்விஷாரம்காரர்கள் ராணிப்பேட்டை ஆட்சியருக்கும் எழுதவேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போன மனு மாதக்கணக்கில் சுற்றும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை, தேதி நேரம் தெரியும் படம், ஒப்புகைச் சீட்டு.

ஒரு வருடம் கழித்து அதே மாதத்தில், அதே மூன்று நேரத்தில், பழைய நோட்டையே கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். அடுப்புப் புகையும் குப்பைத் தீயும் குளிர்காலத்தில் கூடும், கோடையில் குறையும். மாதம் மாறினால் ஒப்பிட முடியாது. எரிந்த கரும்புள்ளி உங்கள் தெருவில் மறைந்து பக்கத்துத் தெருவில் புதிதாக முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். முளைத்திருந்தால் குப்பை இடம் மாறியிருக்கிறது, குறையவில்லை. அடுத்த அறுபது வீட்டை அங்கிருந்து தொடங்கவேண்டும்.